வெளிநாட்டுக் கல்வி உதவியும் அதன் நிலைபேறும்: செங்கல்பட்டு – மலாவி ஓர் ஒப்பீட்டு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வருவாய் குறைந்த நாடுகளின் பள்ளிக் கல்விக்குப் பன்னாட்டு உதவி எந்த அளவு பயன்படுகிறது என்னும் வினா பெரும்பாலும் இன்றைய ஆப்பிரிக்க நாடுகளை முன்வைத்தே எழுப்பப்படுகிறது. தமிழகமும், குறிப்பாகச் செங்கல்பட்டுப் பகுதியும், ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அத்தகைய உதவியைப் பெற்ற நிலமே. 19ஆம் நூற்றாண்டில் செங்கல்பட்டில் பள்ளிகள் நடத்திய ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையே அதே நூற்றாண்டில் இன்றைய மலாவி நாட்டிலும் பள்ளிகளைத் தொடங்கியது. கொடையாளர் ஒருவர், கொடை பெற்ற நிலங்கள் இரண்டு, விளைவுகளோ வேறு. இந்த வேறுபாட்டின் காரணங்களையும், பள்ளி உணவுத் திட்டம், மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் ஆகியவற்றின் வழித் தமிழகம் பெற்ற பட்டறிவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கல்வி உதவி, செங்கல்பட்டு, மலாவி, உதவி மானியம், பஞ்சமர் பள்ளிகள், மதிய உணவு, நிலைபேறு.

முன்னுரை

ஒரு நாட்டின் பள்ளிக்கூடத்திற்கு மற்றொரு நாட்டார் பொருள் தருவது புதிய வழக்கமன்று. 'வளர்ச்சி உதவி' என்னும் சொல்லாட்சி இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ப் பரவியதே தவிர, அச்செயல் சமயப் பரப்புக் கழகங்களின் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அக்கழகங்களின் கணக்கேடுகளில் ஆசிரியர் ஊதியம், கட்டடச் செலவு, மாணவர் எண்ணிக்கை, அடுத்த ஆண்டுத் தேவை ஆகியவை இடம்பெற்றன. இன்றைய கொடை நிறுவனங்களின் அறிக்கைகளிலும் இவையே இடம்பெறுகின்றன.

உதவியைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. உதவி பெருகினால் பள்ளிகள் பெருகும் என்பது ஒன்று. உதவி பெறும் அரசு தன் கடமையை மறந்துவிடும், எனவே உதவி தீங்கே தரும் என்பது மற்றொன்று. இரண்டிற்கும் சான்றுகள் உள்ளன. உதவி எந்தச் சூழலில் நிலைத்த பயன் தருகிறது, எந்தச் சூழலில் கொடையாளர் விலகியதும் சரிந்துவிடுகிறது என்பதே ஆராயத்தக்க வினாவாகும். உதவி பெற்று, பின்னர் அதனைச் சாராது நின்ற ஒரு நிலத்தின் வரலாறு இதற்கு விடை காண உதவும். செங்கல்பட்டுப் பகுதி அத்தகையதோர் எடுத்துக்காட்டு.

1. கல்வி உதவியின் வகைகள்

கல்விக்கு வரும் வெளியுதவியை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது பணவுதவி. கட்டடம், ஊதியம், உதவித்தொகை ஆகியவற்றுக்குத் தரப்படும் கொடையும் கடனும் இதில் அடங்கும். இரண்டாவது பொருளுதவி. உணவு, நூல்கள், கருவிகள் ஆகியன இவ்வகை. மூன்றாவது அறிவுதவி. பயிற்றுமுறை, பாடத்திட்டம், ஆசிரியர்களை அனுப்புதல், புலமைப்பரிசில் அளித்தல் ஆகியன இவ்வகைப்படும்.

பணவுதவியில் ஒரு சிக்கல் உண்டு. ஓர் அரசு தொடக்கப் பள்ளிக்கென நூறு ரூபாய் ஒதுக்கியிருந்ததாகக் கொள்வோம். வெளியிலிருந்து அதே செலவுக்கு நாற்பது ரூபாய் வருகிறது. அரசு தன் நூறு ரூபாயை அப்படியே வைத்திருந்தால் பள்ளிக்கு நூற்று நாற்பது கிடைக்கும். தன் பங்கில் நாற்பதைக் குறைத்து வேறு துறைக்குத் திருப்பினால் பள்ளிக்குக் கிடைப்பது பழைய நூறு ரூபாயே. பெயரளவில் உதவி பள்ளிக்கு வந்தது. உண்மையில் அது வேறு துறைக்குச் சென்றது. முதல் நிலையைக் கூடுதல் உதவி என்றும், இரண்டாம் நிலையைப் பதிலீட்டு உதவி என்றும் குறிக்கலாம். எந்த உதவித் திட்டத்தையும் மதிப்பிடுவோர் முதலில் வினவ வேண்டியது இதுவே.

2. உதவி வருவதற்கு முன்

வெளியுதவி வந்த நிலங்கள் அனைத்தும் கல்வியற்ற வெற்றிடங்களாக இருந்தன என்னும் எண்ணம் தவறானது. செங்கல்பட்டுச் சாகீர் எனப்பட்ட நிலப்பரப்பை ஆர்க்காட்டு நவாப் 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தார். 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரிடமும் பள்ளிகளின் கணக்கைக் கோரினார். செங்கல்பட்டிலிருந்து அனுப்பப்பட்ட கணக்கில் 500க்கு மேற்பட்ட பள்ளிகள் காட்டப்பட்டன. மாகாணம் முழுமைக்கும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாக மன்றோ 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் பதிவு செய்தார். இவ்வாவணங்களை 1983இல் தரம்பால் தொகுத்து வெளியிட்டார்.

திண்ணைப் பள்ளிகளின் செலவைப் பெற்றோரே பணமாகவும் தானியமாகவும் ஏற்றனர். சமயக் கல்வி புகட்டுவோருக்குச் சில ஊர்களில் சிறு மானிய நிலங்கள் இருந்தன. ஆசிரியருக்கு ஊரே பொறுப்பு என்னும் மரபு உதவிக்கு முன்பே வேரூன்றியிருந்தது. ஆயினும் அம்மரபுக்குக் கடுமையான எல்லையும் இருந்தது. சேரிப் பிள்ளைகளும் பெரும்பாலான பெண்களும் அப்பள்ளிகளுக்கு வெளியே நின்றனர். ஊர் தாங்கிய பள்ளி ஊர் விலக்கியோரைத் தாங்கவில்லை. பின்னாளில் வந்த வெளியுதவியின் உண்மையான பணி எங்கே இருந்தது என்பதை இது காட்டுகிறது.

அறிவுதவியின் திசையும் ஒருவழிப் பாதையாக இருந்ததில்லை. சென்னை எழும்பூரில் 1789 முதல் அநாதை இல்லப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் வகுத்தார். சட்டாம்பிள்ளை முறையை அறிந்த தமிழர்க்கு இது புதியதன்று. 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியே இது 'மதராஸ் முறை' என்னும் பெயர் பெற்று இங்கிலாந்தின் ஏழையர் பள்ளிகளில் பரவிற்று. அங்கிருந்து சமயக் கழகங்கள் அதனை ஆப்பிரிக்காவின் சியரா லியோன் முதலிய பகுதிகளுக்கும் கொண்டு சென்றன. ஆசிரியர் குறைந்த, பணம் குறைந்த இடத்தில் பலருக்குக் கற்பிக்கும் வழியாகத் தமிழ்நிலத்து நடைமுறையொன்று உலகைச் சுற்றிவந்தது.

3. ஒரே கொடையாளர், இரு நிலங்கள்

ஸ்காட்லாந்துத் திருச்சபையின் சார்பில் ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் கிளைப் பள்ளிகள் எழுந்தன. 1843இல் ஸ்காட்லாந்தில் திருச்சபை பிளவுற்றபோது இப்பணியாளர்கள் சுதந்திரத் திருச்சபையின் பக்கம் நின்றனர். ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியே பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்து 1937இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது.

இவ்வுதவிக்குச் சமய நோக்கம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. மாணவர் சிலர் மதம் மாறியபோது பெற்றோர் தம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கினர். 1838இல் பறையர் குல மாணவர் சிலர் சேர்க்கப்பட்டபோதும் உயர்சாதி மாணவர் பலர் வெளியேறினர். ஆண்டர்சன் அம்மாணவர்களை நீக்க மறுத்தார். இங்கு உதவியின் இரு முகங்களையும் காணலாம். உள்ளூரின் விலக்கல்களுக்குக் கட்டுப்படாத உரிமை வெளியாருக்கு இருந்தது. உள்ளூர் மக்களின் நம்பிக்கையைப் பெறாத குறையும் அவர்களுக்கே இருந்தது. பச்சையப்பர் அறக்கட்டளை போன்ற உள்ளூர் நிறுவனங்கள் பள்ளிகள் திறக்க முனைந்ததில் இந்நம்பிக்கைக் குறைவுக்கும் பங்குண்டு.

அதே சுதந்திரத் திருச்சபை 1875இல் ஆப்பிரிக்காவின் நியாசா ஏரிக்கரையில் லிவிங்ஸ்டோனியா பணித்தளத்தைத் தொடங்கியது. இராபர்ட் லாஸ் அதனை அரை நூற்றாண்டுக் காலம் வழிநடத்தினார். 1894இல் கொண்டோவே மலைமேல் ஓவர்டூன் கல்விக்கழகம் நிறுவப்பட்டது. கிளாஸ்கோவைச் சேர்ந்த வேதிப்பொருள் ஆலை உரிமையாளரான ஓவர்டூன் பிரபுவின் பெயரை அது தாங்கியது. ஆசிரியப் பயிற்சி, தச்சு, அச்சு முதலியன அங்குக் கற்பிக்கப்பட்டன. 1964இல் விடுதலை பெற்ற மலாவியின் முதல் தலைவரான ஹேஸ்டிங்ஸ் பண்டாவும் இப்பணித்தளப் பள்ளியில் பயின்றவரே.

இரு நிலத்திலும் கொடையாளர் ஒருவரே. பாடமுறையும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபட்டது அரசின் பங்கு.

4. செங்கல்பட்டில் அரசு பொறுப்பேற்ற முறை

1854ஆம் ஆண்டு உட் அறிக்கை இந்தியாவில் உதவி மானிய முறைக்கு வழிவகுத்தது. தனியாரோ திருச்சபையோ பள்ளி நடத்தலாம். அரசு ஆய்வாளரின் மேற்பார்வைக்கு உட்பட்டால் செலவில் ஒரு பகுதியை அரசு தரும். வெளிநாட்டுக் கொடையின் அருகிலேயே உள்நாட்டு வரிப்பணம் வந்து சேர்ந்தது. கொடை நிலையற்றதாயினும் மானியம் ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறும் உரிமையாயிற்று. இன்றும் தமிழகத்தில் வழங்கும் 'அரசு உதவிபெறும் பள்ளி' என்னும் தொடர் இவ்வரலாற்றின் எச்சமாகும். நிருவாகம் திருச்சபையுடையது, ஆசிரியர் ஊதியம் அரசுடையது. வெளிநாட்டார் நிறுவிய பள்ளி வெளிநாட்டுப் பணமின்றி நூறாண்டு கடந்தும் இயங்குவதற்கு இந்த அமைப்பே காரணம்.

அடுத்த கட்டம் 1891இல் தொடங்கிற்று. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் இம்மாவட்டப் பறையர்களின் நிலை குறித்து விரிவான குறிப்பொன்றை அரசுக்கு அனுப்பினார். நிலமின்மை, கடன் அடிமைத்தனம், மனையுரிமையின்மை, கல்வியின்மை ஆகியவை ஒன்றையொன்று பின்னி நிற்பதை அது காட்டிற்று. செங்கல்பட்டில் பணியாற்றிய சுதந்திரத் திருச்சபைப் போதகர் ஆடம் ஆண்ட்ரூவும் இச்சிக்கலை அரசின் முன் எழுப்பியவருள் ஒருவர். சிங்கப்பெருமாள்கோயிலை அடுத்த மெல்ரோசாபுரம் என்னும் குடியிருப்பு அவர் முயற்சியால் அமைந்தது. 1892இல் நிலம் குறித்த அரசாணைகள் வெளிவந்தன. 1893 பிப்ரவரியில் பஞ்சமர் கல்விக்கான அரசாணை பிறந்தது. அவர்களுக்கான பள்ளிகளுக்கு உயர்ந்த வீதத்தில் மானியமும் ஆசிரியப் பயிற்சிக்கு உதவித்தொகையும் அளிக்க அது வழிசெய்தது.

இவ்வாணை ஆட்சியரின் இரக்கத்தாலும் போதகரின் விண்ணப்பத்தாலும் மட்டும் உயிர்பெறவில்லை. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையை அமைத்து, 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கி, தம் மக்களின் கல்வியையும் உரிமையையும் வேண்டுகோளாக அன்றிக் கோரிக்கையாக வைத்தார். அயோத்திதாசர் முதலியோரும் இக்களத்தில் நின்றனர். பிரம்மஞான சபையின் ஆல்காட் 1894இல் அடையாற்றை அடுத்த ஊரூரில் பஞ்சமர்க்கென இலவசப் பள்ளியைத் திறந்தார். அப்பகுதி அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒரே மாவட்டத்தில் ஸ்காட்லாந்துப் பணமும், பிரம்மஞான சபையின் கொடையும், அரசின் மானியமும், பயன்பெறும் மக்களின் இயக்கமும் ஒரே காலத்தில் சந்தித்தன.

1920இல் சென்னை அரசு ஒடுக்கப்பட்டோர் நலனைக் கவனிக்கத் தொழிலாளர் ஆணையரை நியமித்தது. அத்துறை நேரடியாகப் பள்ளிகளைத் திறந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் தொடக்கம் அதுவே. அதே ஆண்டில் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டமும் நிறைவேறியது. கொடையாகத் தொடங்கியது மானியமாகி, மானியம் துறையாகி, துறை சட்டமாயிற்று. இம்மாற்றம் போதிய வேகத்தில் நிகழ்ந்ததென்றோ, அப்பள்ளிகள் குறையற்றவை என்றோ கூற இயலாது. ஆயினும் பொறுப்பு எவருடையது என்பது ஐயத்திற்கிடமின்றித் தெளிவாயிற்று.

5. மலாவியில் பொறுப்பு தள்ளிப்போன வரலாறு

டிரமென்ஹீர் தம் குறிப்பை எழுதிய 1891ஆம் ஆண்டிலேயே நியாசா ஏரிப் பகுதி பிரித்தானியக் காப்பாட்சியாக அறிவிக்கப்பட்டது. அங்கு ஆட்சியாளர் குடிசை வரி விதித்தனர், பள்ளியை அமைக்கவில்லை. பணித்தளங்கள் இருக்கையில் அரசுப் பள்ளி எதற்கு என்பதே அவர்களின் நிலைப்பாடு. 20ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் ஆண்டுக்கு ஆயிரம் பவுன் என்னும் சிறு தொகை பணித்தளங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. கல்வித் துறை 1926இல்தான் தோன்றியது. உட் அறிக்கைக்கும் அதற்கும் இடையே எழுபதாண்டு இடைவெளி உண்டு. முன்னர்க் கூறிய பதிலீட்டு உதவியின் தெளிவான வடிவம் இது. வெளியார் தந்தனர், ஆகவே அரசு தரவில்லை.

இதன் விளைவுகள் விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தன. 1994இல் பலகட்சித் தேர்தலில் வென்ற பக்கிலி முலுசியின் அரசு தொடக்கக் கல்விக் கட்டணத்தை முற்றிலும் நீக்கியது. ஒரே ஆண்டில் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 19 இலட்சத்திலிருந்து 29 இலட்சமாக உயர்ந்தது. உலகில் மிகச் சில நாடுகளே கண்ட உயர்வு இது. பெற்றோர்க்குக் கல்வியில் நாட்டமில்லை என்னும் பழங்கூற்றை அது ஓராண்டில் பொய்யாக்கியது. எனினும் வகுப்பறைகளும் நூல்களும் அவ்வேகத்தில் பெருகவில்லை. ஏறத்தாழ 20,000 பயிற்சியற்ற ஆசிரியர்கள் குறுகிய அறிமுகப் பயிற்சியுடன் பணியமர்த்தப்பட்டனர். மரநிழல் வகுப்புகள் பெருகின. ஓர் ஆசிரியருக்கு 60 மாணவர் என்பதே அந்நாடு எட்ட விழையும் இலக்காக இருந்துவந்துள்ளது.

இவ்விரிவாக்கத்தைத் தாங்கும் வரி வருவாய் மலாவிக்கு இல்லை. கொடை நாடுகளே பெரும்பங்கை ஏற்றன. 2013இல் 'கேஷ்கேட்' எனப்பட்ட அரசுப் பணக் கையாடல் வெளிப்பட்டதும், கொடை நாடுகள் அரசின் வரவுசெலவுத் திட்டத்திற்கு நேரடியாக அளித்துவந்த உதவியை நிறுத்தின. கையாடியோர் தலைநகர அலுவலர். சுருக்கப்பட்ட அரசுச் செலவின் சுமையோ பொதுச் சேவைகளை நம்பியிருந்த ஏழையர்மேல் விழுந்தது. அதற்குப்பின் உதவியின் பெரும்பகுதி அரசின் கணக்கைத் தவிர்த்துத் தனித் திட்டங்களின் வழியே செல்கிறது. இதனால் கையாடல் குறையலாம். அதே வேளையில் அரசு நிருவாகம் பழகிக்கொள்ளும் வாய்ப்பும் குறைகிறது. ஓர் இடர்ப்பாட்டைத் தீர்க்கும் வழியே மற்றோர் இடர்ப்பாட்டிற்குக் காரணமாகிறது.

6. பள்ளி உணவு: ஓர் ஒப்பீடு

பொருளுதவியின் தன்மையைப் பள்ளி உணவைக் கொண்டு தெளிவாக விளக்கலாம். 1920இல் தியாகராய செட்டியார் தலைமையிலான சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் மதிய உணவு வழங்கியது. மாகாண அளவில் இத்திட்டம் 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிற்று. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் மக்களின் பங்களிப்பைத் திரட்டினார். பின்னர் அரசு செலவில் 60 விழுக்காட்டை ஏற்க, எஞ்சிய 40 விழுக்காட்டை ஊரார் அளித்தனர்.

1961இல்தான் அமெரிக்காவின் கேர் நிறுவனம் பால்மாவு, எண்ணெய், தானியம் ஆகியவற்றைத் தரத் தொடங்கியது. அமெரிக்க வேளாண்மையின் உபரியை வெளிநாடுகளுக்கு வழங்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த பொருள்கள் அவை. இவ்வரிசை முறை கருதத்தக்கது. முதலில் ஊரின் அரிசி, அடுத்து அரசின் மானியம், அதன் பின்னரே வெளிநாட்டுப் பால்மாவு. திட்டம் உதவிக்காகத் தோன்றவில்லை. ஓடிக்கொண்டிருந்த திட்டத்தில் உதவி வந்து சேர்ந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியபோது செலவின் சுமையை மாநில வரவுசெலவுத் திட்டமே தாங்கிற்று. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்னும் பணியிடங்கள் உருவாக்கப்பட்டன. ஏழைப் பெண்கள், குறிப்பாகக் கைம்பெண்கள், அவற்றில் முன்னுரிமை பெற்றனர். உச்சநீதிமன்றம் 2001இல் சமைத்த உணவை நாடு முழுமைக்கும் கட்டாயமாக்கியபோது தமிழகத்தின் பட்டறிவு முன்மாதிரியாக நின்றது. 2022இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்டது.

மலாவியில் பள்ளி உணவைப் பெருமளவில் வழங்குபவை வெளி நிறுவனங்களே. உலக உணவுத் திட்டம் 1990களின் இறுதியிலிருந்து அங்கு இயங்குகிறது. ஸ்காட்லாந்தில் பிறந்த மேரிஸ் மீல்ஸ் அறநிறுவனம் 2002இல் பிளாண்டயரில் 200 பிள்ளைகளுடன் தொடங்கி, இன்று அந்நாட்டில் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர்க்குச் சோள–சோயாக் கஞ்சியை அளிக்கிறது. ஊர்ப் பெண்கள் தன்னார்வலர்களாகச் சமைக்கின்றனர். அப்பணி மதிக்கத்தக்கது, அக்கஞ்சிக்காகவே பள்ளிக்கு வரும் பிள்ளைகள் உண்டு. ஆயினும் தமிழகத்துச் சத்துணவு ஊழியர் ஊதியம் குறைந்ததென்று சங்கம் அமைத்து அரசிடம் கோரலாம். உணவு நின்றால் சட்டமன்றத்தில் வினா எழும். தேர்தலில் அதன் விலையை ஆளுங்கட்சி கொடுக்கும். மலாவித் தாய் தொலைதூரக் கொடையாளரிடம் அவ்வாறு கணக்குக் கேட்க இயலாது. உரிமைக்கும் உதவிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

7. நிபந்தனையுடன் ஏற்ற உதவி

1994இல் உலக வங்கி முதலியவற்றின் நிதியுடன் இந்தியாவில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தொடங்கியது. தமிழகத்தில் தருமபுரி, திருவண்ணாமலை, தென்னார்க்காடு ஆகியன முதற்கட்டத்தில் இடம்பெற்றன. செலவில் 85 விழுக்காடு நடுவண் அரசின் வழியே வந்தது. 15 விழுக்காடு மாநிலத்தின் பங்கு. தொடக்கக் கல்விக்கு மாநிலம் ஏற்கெனவே செய்துவந்த செலவின் உண்மை மதிப்பைக் குறைக்கக் கூடாது என்பது நிபந்தனை. உதவி பதிலீடாக மாறாமல் கூடுதலாகவே நிற்க வேண்டும் என்பதற்கான காப்பு அது.

இத்திட்டத்தின் மீது கல்வியாளர் எழுப்பிய குறைகளும் புறந்தள்ளத்தக்கன அல்ல. நிலையான பணியிடங்களுக்கு மாறாக ஒப்பந்த ஆசிரியர்களை நியமிக்கும் போக்கு இந்தியாவின் பல மாநிலங்களில் அக்காலத்தில் வலுப்பெற்றது. வழக்கமான துறைக்கு இணையாகத் தனித் திட்ட அலுவலகங்கள் எழுந்தன. ஆயினும் வட்டார வள மையங்கள் போன்ற அமைப்புகள் திட்டம் முடிந்த பின்னும் அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் தொடர்ந்தன. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007–08இல் மாநில முழுமைக்கும் விரிந்த செயல்வழிக் கற்றல் முறைக்கு ரிஷிவேலிப் பள்ளியின் பட்டறிவே ஊற்று. வெளியிலிருந்து நிதி வரலாம். பயிற்றுமுறை உள்ளூர் ஆசிரியரிடம் விளைந்தால் அதனை அவர்களே திருத்தவும் வளர்க்கவும் இயலும்.

மொழியும் இங்குக் கருதத்தக்கது. தமிழகத்தின் திண்ணைப் பள்ளி, மிஷன் தொடக்கப்பள்ளி, அரசுப் பள்ளி மூன்றும் தமிழில் எண்ணும் எழுத்தும் கற்பித்தன. அதனால் ஒன்றில் பயின்றவர் மற்றொன்றில் ஆசிரியராக முடிந்தது. மலாவியில் லிவிங்ஸ்டோனியா வளர்த்த தும்புகா மொழி, 1968இல் சிச்செவா நாட்டு மொழியாக அறிவிக்கப்பட்டதும் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டது. மேல்வகுப்புகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி. கொடையாளர் அச்சிட்டுத் தரும் நூலின் மொழியும் பிள்ளையின் வீட்டு மொழியும் விலகி நிற்கையில் உதவியின் பயன் பாதியாகிறது.

8. பெற்ற நிலம் தரும் நிலமாதல்

இந்தியா 1964இல் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்தைத் தொடங்கி ஆப்பிரிக்க நாட்டவர்க்குப் பயிற்சி அளித்துவருகிறது. 2003இல் ஒரு சில நாடுகள் நீங்கலாகப் பிறவற்றின் இருதரப்பு உதவியை ஏற்பதில்லை என முடிவெடுத்தது. 2023இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தான்சானியாவின் சான்சிபாரில் தன் வளாகத்தைத் திறந்தது. இந்தியத் தொழில்நுட்பக் கழகமொன்றின் முதல் வெளிநாட்டு வளாகம் அது. கோழியாளத்துச் சீனிவாசன் 20ஆம் நூற்றாண்டின் முதல் இருபதாண்டுகளில் கிழக்காப்பிரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாழ்ந்து, மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். அன்று பிழைப்பிற்காகச் சென்ற கரைக்கு இன்று கல்வி செல்கிறது.

வண்டலூர், ஊரப்பாக்கம், காட்டாங்குளத்தூர் வழியே செங்கல்பட்டு வரை நீளும் பெருஞ்சாலையை ஒட்டிய கல்வி நிறுவனங்களில் ஆப்பிரிக்க மாணவர்கள் பயில்கின்றனர். எத்தியோப்பியா முதலிய நாடுகளின் பல்கலைக்கழகங்களில் தமிழகப் பேராசிரியர்கள் பணியாற்றியுள்ளனர். எனவே கல்வி உதவி என்பது நம் ஆய்வாளர்க்குத் தொலைதூரப் பொருளன்று. கொடுக்கும் இடத்தில் நிற்கும்போது, பெற்ற காலத்தில் கற்றதை மறவாதிருத்தல் வேண்டும். புலமைப்பரிசில் பெற்று வருவோர் ஊர் திரும்பி ஆசிரியர்ப் பணி ஏற்க வழியுண்டா, நாம் அனுப்பும் பாடத்திட்டத்தை அங்குள்ளோர் திருத்த இயலுமா, நம் உதவி அந்த அரசின் பொறுப்பைத் தூண்டுகிறதா அல்லது தள்ளிப்போடுகிறதா என்னும் வினாக்களை நம்மை நோக்கியும் எழுப்புதல் கடமையாகும்.

முடிவுரை

செங்கல்பட்டையும் மலாவியையும் முழுமையாக ஒப்பிடல் இயலாது. ஒன்று பரந்த நாட்டின் ஒரு மாவட்டம்; மற்றொன்று கடற்கரையற்ற தனிநாடு. வரி வருவாயிலும் வணிக வாய்ப்பிலும் இரண்டிற்கும் இடைவெளி பெரிது. ஆயினும் வருவாய் ஒன்றே காரணம் எனக் கூறுவதும் பொருந்தாது. 1893இல் பஞ்சமர் கல்வி ஆணை பிறந்தபோதும், 1956இல் மதிய உணவு தொடங்கியபோதும் தமிழகம் வறிய நிலமாகவே இருந்தது.

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, உள்ளூரில் தொடங்கிவிட்ட முயற்சியில் வந்து சேரும் உதவி நிலைக்கிறது. உதவிக்காகவே தொடங்கும் முயற்சி உதவியுடன் முடிகிறது. இரண்டாவது, வெளிநாட்டுக் கொடையின் அருகே முதல்நாளிலிருந்தே உள்நாட்டு அரசின் பணமும் மேற்பார்வையும் சிறிதளவேனும் இணைந்திருத்தல் வேண்டும். 1854இன் மானியமும் 1994இன் நிபந்தனையும் இதனைக் காட்டுகின்றன. மூன்றாவது, பயன்பெறும் மக்கள் தம் கல்வியை உரிமையாகக் கோரும் அமைப்பைப் பெற்றிருத்தல் வேண்டும். டிரமென்ஹீரின் குறிப்பு ஆவணக் காப்பகத்தில் உறங்காமல் ஆணையாகவும் துறையாகவும் மாறியதில் அம்மக்களின் இயக்கத்திற்குப் பெரும்பங்குண்டு.

இன்று பன்னாட்டுக் கல்வி உதவி சுருங்கிவரும் காலத்தில், மலாவி போன்ற நாடுகளின் பிள்ளைகளே அதன் விளைவை முதலில் அனுபவிப்பர். உதவியைக் குறைக்கும் கொடையாளர் எவரும், தம் இடத்தை அந்நாட்டு அரசு ஏற்பதற்கான வழியை வகுத்த பின்னரே விலகுதல் அறமாகும். செங்கல்பட்டின் மிஷன் பள்ளிகளுக்கு அவ்வழி கிடைத்தது. ஆகவே அவை உதவிபெறும் பள்ளிகளாக நின்றன. அம்மாற்றம் ஊர்தோறும் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை மாவட்ட ஆவணங்கள், திருச்சபை அறிக்கைகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள் ஆகியவற்றைக் கொண்டு ஆராய்வது தமிழ் ஆய்வாளர் ஏற்க வேண்டிய அடுத்த பணியாகும். அவ்வாய்வு உள்ளூர் வரலாற்றுக்கு மட்டுமன்றி, நியாசா ஏரிக்கரைப் பள்ளிகளுக்கும் பயன்தரக்கூடியது.